முதுகு வலின்னுதான் சொல்லுவாங்க

அட்லாண்டா
அக்டோபர் 9, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ, அத்தான், பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியமா? இதைக் கையால எழுதி, போட்டோ எடுத்து உன் போனுக்கு மட்டும் அனுப்புறேன். குடும்ப குரூப்ல போட்டுடாதே. வீடியோ கால்ல பேச உட்கார்ந்தா அம்மா நடுவுல வந்து "சாப்பிட்டியா, அங்க குளிரா"ன்னு கேட்டே நேரம் போயிடுது.

குளிர் இன்னும் வரல. வேலை பழகிடுச்சு. பிள்ளை பெத்த தாய்மார்களைப் பார்க்கிற கிளினிக். வர்றவங்கள்ல முக்கால்வாசி கறுப்பினப் பெண்கள். கிளம்புறப்போ சித்தி "அந்த ஏரியா பக்கம் பார்த்து இருடி"ன்னு சொன்னாளே, அந்த ஏரியாவுலதான் தினமும் பஸ் விட்டு இறங்குறேன். பக்கத்துல உட்கார்ற வயசான அம்மாக்கள் என்னை "பேபி"ங்கிறாங்க, நம்ம ஆச்சி "தாயி"ங்கிற மாதிரி. சித்திகிட்ட சொல்லு.

நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லணும். சேர்ந்த மூணாவது மாசம் ஒரு பொண்ணு வந்தா. பேர் சொல்லக் கூடாது. பிரசவம் ஆகி ஆறு வாரம். எல்லாருக்கும் கொடுக்கிற தாளைக் கொடுத்தேன். 1987ல் எடின்பரோவுல உருவாக்கின பத்துக் கேள்வி. தாய்க்கு மனச்சோர்வு இருக்கான்னு பார்க்க உலகம் பூரா இதைத்தான் வச்சிருக்காங்க. மளமளன்னு டிக் பண்ணிக் கொடுத்துட்டா. கூட்டிப் பார்த்தா பூஜ்யம். "முதுகு வலிக்குது, தூக்கம் இல்ல, அதுக்கு ஏதாவது கொடுங்க"ன்னா. பிரஷர் பார்க்கக் கையைப் பிடிச்சதும் வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. நான் ஃபைல்ல எழுதினேன்: "கோபப்படுகிறார், ஒத்துழைக்கவில்லை."

எங்க தலைமை நர்ஸும் கறுப்பினத்தவங்கதான், அறுபதை நெருங்குற வயசு. கதவைச் சாத்திட்டுச் சொன்னாங்க: "இந்த ஒரு வரி அவ எங்க போனாலும் பின்னாடியே போகும். அடுத்த டாக்டர் அவ முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இதைப் படிப்பார்." கறுப்பினப் பெண்ணுன்னாலே கோபக்காரிங்கிற பட்டம் இங்க ரொம்பப் பழசாம். மனச்சோர்வு எல்லாருக்கும் அழுகையா வராது. சிலருக்கு எரிச்சலா வரும், முதுகு வலியா வரும். இந்த நாட்டுல கறுப்பினத்தவருக்கு மனச்சோர்வைக் கண்டுபிடிக்காம விட்டு, மனச்சிதைவுன்னு முத்திரை குத்துறது மத்தவங்களைவிட அதிகம்னு பல ஆய்வுல வந்திருக்கு. நானும் கறுப்புதானே, எனக்குப் புரியாதான்னு நினைச்சிருந்தேன். தோல் நிறம் அதையெல்லாம் சொல்லித் தராது அக்கா.

தலைமை நர்ஸ் உள்ள போய், அந்தத் தாளைக் கவுத்து வச்சுட்டு, பிள்ளையை வாங்கி மடியில போட்டுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "உன்னை யாரும்மா பார்த்துக்கிறாங்க?" அந்தப் பொண்ணு சிரிச்சா. "நான்தான் எல்லாரையும் பார்த்துக்கிறேன்"னா. அப்புறம் அழ ஆரம்பிச்சவ இருபது நிமிஷம் நிறுத்தல.

பூஜ்யம் போட்டதுக்குக் காரணமும் அப்பதான் வெளிய வந்துச்சு. உண்மையை எழுதினா "இவளுக்கு வளர்க்க லாயக்கில்ல"ன்னு அரசாங்கம் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடும்னு பயம். கதையில்ல, அவளுக்குத் தெரிஞ்ச வீட்டுல நடந்திருக்கு. மருத்துவத்து மேலயே நம்பிக்கை இல்லாததுக்கும் வரலாறு இருக்கு. பக்கத்து மாநிலம் அலபாமா. அங்க மாண்ட்கோமரியில 1840கள்ல மேரியன் சிம்ஸ்ங்கிற டாக்டர், அனார்ச்சா, பெட்ஸி, லூசின்னு அடிமைப் பெண்களுக்கு மயக்க மருந்தே இல்லாம திரும்பத் திரும்ப அறுவை செஞ்சு பழகினார். அந்த ஆளுக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்குல சிலை, 2018லதான் எடுத்தாங்க. அதே அலபாமாவுல டஸ்கீகின்னு ஒரு ஊர்: 1932லிருந்து 1972 வரைக்கும் சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காம, நோய் எப்படி முத்துதுன்னு வேடிக்கை பார்த்துச்சு அரசாங்கம். பாட்டிமார் இதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்காங்க. "நாம தாங்குவோம், ஜெபம் பண்ணு"ன்னும் சேர்த்துச் சொல்லியிருக்காங்க.

சரி, மனம் திறந்தாச்சு, யாருகிட்ட அனுப்புறது? 2015ல எடுத்த கணக்குல இந்த நாட்டு உளவியலாளர்கள் நூத்துக்கு நாலு பேர்தான் கறுப்பினத்தவர். அதுலயும் பலர் ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்டை வாங்கிக்கிறதில்ல. அந்த மெடிக்கெய்டும் முன்னாடி பிரசவம் ஆகி 60 நாள்ல நின்னுடும்; மனசு உடையுற நேரத்துக்கு அட்டை செல்லாது. 2022லதான் ஜார்ஜியாவுல அதை ஒரு வருஷம் ஆக்கினாங்க. இந்த ஊர்க்காரங்க ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட், உளவியலாளர், 2014ல 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' ஆரம்பிச்சாங்க. அவங்க இணையதளத்துல ஊரைப் போட்டுத் தேடினா ஆலோசகர் பட்டியல் வரும். கட்டணத்துக்குக் கூப்பன் கொடுக்க 'லவ்லேண்ட் ஃபவுண்டேஷன்'னு ஒண்ணு இருக்கு. எல்லாத்தையும் தட்டிப் பார்த்து, ஏழு வாரம் காத்திருந்து, ஒரு கறுப்பின ஆலோசகர் கிடைச்சாங்க. ஏழு வாரம்! பச்சை உடம்புக்காரி!

போன மாசம் அந்தப் பொண்ணு வந்திருந்தா. "என் அம்மா ஏன் அப்படி இருக்கா, வேலைக்குப் போறப்போ ஏன் முடியை மாத்திக்கிறேன், எதுக்குமே முன்கதை சொல்ல வேண்டியிருக்கல"ன்னா. எனக்கு அதுதான் பெருசாப் பட்டுது. அதுக்காக வெள்ளைக்கார ஆலோசகரால முடியவே முடியாதுன்னு இல்ல. கேட்டுக் கத்துக்கிட்டவங்களும் எங்க கிளினிக்லயே இருக்காங்க.

முடின்னதும் ஞாபகம் வருது. இங்க பின்னல் போட ஆறு மணி நேரம்கூட ஆகும். அந்த நாற்காலியில கொட்டாத ரகசியம் இல்லையாம். வாஷிங்டன்ல அஃபியா ம்பிலிஷாகான்னு ஒரு உளவியலாளர், அந்த முடிதிருத்தற பெண்களுக்கே பயிற்சி கொடுக்கிறாங்க: எப்படிக் காது கொடுக்கணும், எப்போ மருத்துவர்கிட்ட அனுப்பணும்னு. நம்ம தெருவுல பேன் பார்த்துக்கிட்டே பேசுற திண்ணைதான் ஞாபகம் வந்துச்சு.

அக்கா, சின்னவன் பிறந்தப்போ நீ மூணு மாசம் சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தே. இடுப்பு வலின்னே. பத்தியக் குழம்பு வச்சோம், திருஷ்டி சுத்தினோம், தர்காவுல மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். நான் அப்ப நர்சிங் மூணாவது வருஷம். நானும் தைலம்தான் தேச்சு விட்டேன்.

வர்ற ஞாயிறு உங்க நேரம் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுறேன். அத்தான் கடையில இருப்பார்ல? மொட்டை மாடிக்குப் போய் எடு.

உன் தங்கை