ஆழம் கூடினால் மிதப்பு விசையும் கூடுமா?

அன்புள்ள கண்ணு,

5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் கட்டையை 20 மீட்டருக்கு இறக்கினால் மிதப்பு விசை, அதாவது தண்ணீர் அதை மேலே தள்ளும் விசை, நான்கு மடங்காகுமா என்று போனில் கேட்டாய். ஆகாது. ஏன் என்று உனக்கு நிதானமாகச் சொல்ல ஆசை, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூர் துவாஸில் நாங்கள் கடலில் இறக்கும் கான்கிரீட் கட்டையையே எடுத்துக்கொள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டர், எடை 2.4 டன். காற்றில் தொங்கும்போது கிரேன் கேபினில் உள்ள எடை காட்டும் கருவி 2.4 டன் காட்டும். அடிப்பக்கம் தண்ணீருக்குள் போகப்போக எண் இறங்கும். பாதி மூழ்கினால் 1.9 அளவில் இருக்கும். முழுசாக மூழ்கியதும் 1.4 பக்கம் வந்து நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு ஆழத்துக்கு விட்டாலும், கட்டையைத் தாங்கும் வயர் ரோப்பின் (கம்பிக் கயிற்றின்) எடையைத் தவிர, அதில் மாற்றம் இருக்காது.

மேல்முகம் 5 மீட்டரில் இருந்தால் அடிமுகம் 6 மீட்டரில் இருக்கும். 20 என்றால் 21. இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறுகிறது, வித்தியாசம் மட்டும் எப்போதும் 1 மீட்டர் தண்ணீருக்கு உண்டானதுதான். பக்கவாட்டு அழுத்தங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ. அதை 9.81ஆலும் (புவியீர்ப்பு முடுக்கம்), மூழ்கிய கன அளவாலும் பெருக்கு: மிதப்பு விசை ஏறக்குறைய 10,055 நியூட்டன். விலக்கப்பட்ட நீரின் எடையும் இதேதான். அதே கட்டையை நன்னீரில் இறக்கினால் 9,810.

கட்டை இரும்பா, அலுமினியமா என்று இந்தப் பெருக்கலில் எங்கேயும் கேட்கவில்லை, பார்த்தாயா? கணக்கில் எடையை மட்டும் கொடுத்திருந்தால் அதை அந்தப் பொருளின் அடர்த்தியால் வகுத்துக் கன அளவை எடு. 785 கிலோ இரும்பு 0.1 கன மீட்டர். கடலில் அதற்குக் கிடைப்பது சுமார் 1,005 நியூட்டன்தான். பெருக்கும்போது திரவத்தின் அடர்த்தியைப் போடு. பொருளின் அடர்த்தியை அங்கே போட்டால் விடை முழுக்கத் தவறிவிடும்.

பாடத்தில் அதிகம் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டை சேற்றில் நன்றாகப் பதிந்துவிட்டால் அடியில் தண்ணீர் புகாது, கீழிருந்து தள்ள வேண்டிய நீர் அழுத்தம் சரியாகக் கிடைக்காது. அப்போது வெறும் 1.4 டன் என்று நம்பி இழுக்கக் கூடாது. சேற்றின் பிடிப்பும் சேர்ந்துகொள்ளும். சேற்றை விட்டு வந்த பிறகும் கவனம் வேண்டும். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் முழு 2.4 டன்னும் ஸ்லிங்கில் (கட்டையைக் கட்டித் தூக்கும் கயிற்றில்) ஏறிவிடும். அதனால்தான் நாங்கள் ஸ்லிங்கையும், அதை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிளையும் காற்றில் உள்ள எடைக்கே குறையாமல் தேர்ந்தெடுக்கிறோம். கீழே ஆட்கள் நிற்கும் இடம் அது, கண்ணு.

சரி, உன் கணக்கை இப்போது திரும்பப் போட்டுப் பார். தாளைப் படம் எடுத்து அனுப்பு. ராத்திரி வேலை முடிந்து வந்ததும் பார்க்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா