பெர்ஃப் பராமரிப்பாளர்களுக்கும் லினக்ஸ் வழங்கல் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். லினக்ஸ் சர்வர்கள் ஏன் திணறுகின்றன என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் பெர்ஃப் (perf) என்ற அளவீட்டுக் கருவியை அன்றாடம் நம்பியிருப்பவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். 2009இல், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.6.31 பதிப்போடு வெளிவந்த இக்கருவி, கர்னலின் மூலநிரல் தொகுப்புக்குள்ளேயே வளர்ந்து, பல த்ரெட்களில் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளில்) ஓடும் பெரிய நிரலாகிவிட்டது. நினைவகப் பிழைகளைப் பொறுத்தவரை கர்னலுக்கு நீங்கள் வைத்திருக்கும் அளவுகோலை, அதே தொகுப்பில் குடியிருக்கும் இக்கருவிக்கும் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கர்னலில் லாக்குகள் (ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் மாற்றவிடும் பூட்டுகள்) எடுக்கப்படும் வரிசையைக் கண்காணிக்க 2006 முதல் லாக்டெப் என்ற சோதனை இருக்கிறது. விடுவித்த நினைவகத்தைத் தொடும் நிரலைப் பிடிக்க 2015இல் கேசான் வந்தது. த்ரெட்களுக்கிடையிலான டேட்டா ரேஸ்களை (லாக் இல்லாமல் ஒரே தரவைத் தொட்டு மோதுவதை) பிடிக்க 2020இல் கேசிசான் வந்தது. சிஸ்பாட் போன்ற தானியங்கிகள் இவற்றையெல்லாம் இயக்கிவிட்டு இரவு பகலாகக் கர்னலைச் சோதிக்கின்றன. பெர்ஃபுக்கோ, யாராவது கம்பைலர் கொடிகளைக் கையால் சேர்த்து பில்ட் செய்தால்தான், ஓடும்போதே இத்தகைய பிழைகளைப் பிடிக்கும் சானிடைசர் உண்டு.

நேரம் எங்கே செலவாகிறது என்று உடனுக்குடன் காட்டும் பெர்ஃப் டாப் கட்டளையில் திரையைக் காட்டும் த்ரெட்டும் தரவைப் படிக்கும் த்ரெட்டும் தொடக்கக் காலத்திலேயே தனித்தனியாக இருந்தன. ஏராளமான கோர்கள் கொண்ட இயந்திரங்களில் கருவி தொடங்குவதற்கே நெடுநேரம் ஆனதால், ப்ராக் (/proc) அடைவில் கர்னல் காட்டும் ப்ராசஸ் விவரங்களைப் பல த்ரெட்கள் பங்கிட்டுப் படிக்கும் ஏற்பாடு 2017இல் சேர்ந்தது. வந்து குவியும் சாம்பிள்களை (அவ்வப்போது எடுக்கும் அளவீடுகளை) கணக்கிட இன்னொரு த்ரெட் 2018இல் எழுதப்பட்டது. இவை எல்லாமே தேவையானவைதான். ஆனால் ஒரே த்ரெட்டை மனத்தில் வைத்து வடிவமைத்த தரவு அமைப்புகளின் மீது இவை ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன.

அதன் விளைவு எப்படிப்பட்டது என்பதற்கு 2018இல் திருத்தப்பட்ட ஒரு பிழையே போதும். ப்ராசஸ்களின் பெயர்களைப் பெர்ஃப் ஒரு பொது மரத்தில் (மர வடிவத் தரவு அமைப்பில்) வைத்திருந்தது. பேஷ் என்ற பெயரில் ஐம்பது ப்ராசஸ்கள் ஓடினாலும் பெயர் ஒன்றுதான், அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அதனோடு இருக்கும். கடைசியாகப் பிடித்திருந்தவர் விட்டதும் எண்ணிக்கை பூஜ்ஜியமாகும். அதற்குப் பிறகுதான் மரத்திலிருந்து பெயரை நீக்குவதற்கான லாக் எடுக்கப்படும். அந்த நூலிழை இடைவெளியில் இன்னொரு த்ரெட் அதே பெயரைத் தேடி வந்தால், சாகக் கிடக்கும் பெயர் மரத்தில் இன்னும் தென்படும். வந்த த்ரெட் எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றாக்கிக்கொண்டு நடையைக் கட்டும். முதல் த்ரெட் அந்த நினைவகத்தை விடுவித்துவிடும். மரத்துக்கு லாக் இல்லாமலில்லை, முந்தைய ஆண்டே போட்டிருந்தார்கள். எண்ணிக்கையைக் குறைப்பது லாக்குக்கு வெளியே நடந்ததுதான் கோளாறு. பூஜ்ஜியமாக இல்லாதபோது மட்டுமே எண்ணிக்கையை ஏற்றலாம், பூஜ்ஜியமாக இருந்தால் அந்தப் பெயர் மரத்தில் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று திருத்தினார்கள். இப்பிழை வெளியே தெரிந்ததுகூட, கர்னலிலிருந்து இரவல் வாங்கிய எண்ணிக்கை வகை, பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றும் முயற்சியைப் பிடித்து நிரலை நிறுத்தியதால்தான். சாதாரண எண்ணாக இருந்திருந்தால், எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் எப்போதாவது ஒருமுறை கருவி விழுந்திருக்கும்; நாங்களும் மறுபடி ஓட்டிவிட்டுப் போயிருப்போம்.

2023இல், 6.4 கர்னலோடு பெர்ஃபுக்கு வந்த ரெஃபரன்ஸ் எண்ணிக்கைச் (மேலே சொன்ன, பிடித்திருப்போர் எண்ணிக்கையின்) சோதனையை மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு பொருளைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிய தனி உறை ஒன்றை ஒதுக்கி, விடும்போது அந்த உறையையும் விடுவிப்பதால், விட்ட பிறகு தொட்டவரை அட்ரஸ்சானிடைசரும், பிடித்துவிட்டு விட மறந்தவரை லீக்சானிடைசரும் இடம் சுட்டிக் காட்டிவிடுகின்றன. ஆனால் லாக் எடுக்காமல் இரண்டு த்ரெட்கள் ஒரே இடத்தில் எழுதும் பிழை, அந்த ஓட்டத்திலேயே வெடித்தாலொழிய இதில் சிக்காது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்க்ரைண்ட் கருவி ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடுவதால், அதன் நினைவகச் சோதனையிலும் இத்தகைய மோதல் எளிதில் நிகழாது. அதற்கு டேட்டா ரேஸ்களைத் தேடும் த்ரெட்சானிடைசர் வேண்டும். அதையும் அட்ரஸ்சானிடைசரையும் ஒரே பில்டில் சேர்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் இரண்டு பில்டுகளிலும், பெர்ஃப் டாப்பைப் பல த்ரெட்களோடு ஓடவிட்டுச் சோதிப்பதைக் கட்டாயமாக்குங்கள். ஐந்து முதல் பதினைந்து மடங்கு வேகம் குறையும் என்பது தெரிந்தே கேட்கிறேன். நிரல்களில் பிழை தேடும் கருவியான ஜிடிபி, நிரலின் பெயர்க் குறியீடுகளைப் பல த்ரெட்களில் வாசிப்பதை 2020இல் இயல்பாக்கிய பிறகு, அங்கும் இதே சானிடைசர்தான் டேட்டா ரேஸ்களை வெளிக்கொணர்ந்தது.

வழங்கல் குழுக்களிடம் கேட்பது வேறு. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் சாதாரணப் பயனர்களுக்குப் பெர்ஃப் அளக்கும் நிகழ்வுகளை இயல்பாகவே அடைத்துவைத்திருப்பதற்குப் பாதுகாப்புக் காரணங்கள் உண்டு. ஆனால் நடைமுறையில் எல்லோரும் சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டுத்தான் கருவியை ஓட்டுகிறார்கள். இதனால் கண்ணில் பட்ட பைனரியின் எல்ஃப் (கோப்பு அமைப்பு), ட்வார்ஃப் (பிழைதேடல் தகவல்) பகுதிகளையெல்லாம் பிரித்துப் படிக்கும் ஒரு சி நிரல் முழு ரூட் அதிகாரத்துடன் ஓடுகிறது. பிறருக்குச் சொந்தமான தரவுக் கோப்பைப் படிக்கப் பெர்ஃப் மறுப்பது நல்ல காவல்தான், ஆனால் மைனஸ் எஃப் (-f, மறுக்காமல் படி) என்று தட்டிவிட்டு அதைத் தாண்டுவது எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. 5.8 கர்னலிலிருந்தே கேப்_பெர்ஃப்மான் என்ற தனி அனுமதி இருக்கிறது; பெர்ஃப் பயனர்களுக்கென ஒரு குழுவை உருவாக்கி, கருவிக்கு முழு ரூட் அதிகாரத்துக்குப் பதிலாக அந்த அனுமதியையும் தேவையான வேறு சில அனுமதிகளையும் மட்டும் தரும் முறையைக் கர்னல் ஆவணமே படிப்படியாக விளக்குகிறது. அதை நிர்வாகிகளின் தலையில் கட்டாமல், பொதியை நிறுவும்போதே விரும்பினால் தேர்ந்துகொள்ளும் வசதியாகத் தாருங்கள். அதுவரை, கருவி விழுந்ததைப் பற்றிய அறிக்கைகளை அனுப்புவோர் ரெஃபரன்ஸ் சோதனை இயக்கிய பில்டை எளிதில் பெறும்படி அதை ஒரு தனிப் பொதியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பெர்ஃப் பயன்படுத்தும் பொறியாளர் ஒருவர்