ஏழு வீடு தள்ளி இருக்கும் அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று மதியம் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் அவர் இருமுவது கேட்கிறது. அந்தச் சத்தமே எனக்கு இப்போது போதும்.

நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஸ்காட்லாந்தில் இருக்கும் இந்த அலெக்சாண்ட்ரியா ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் என் மொழியில் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கிறது.

கிளாஸ்கோவிலிருந்து ரயிலேறி, தூக்கில் கஞ்சி கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, நடுராத்திரியில் கூப்பிட்டபோதும் காரை எடுத்துக்கொண்டு வந்த பக்கத்து ஊர் ரென்டன் நண்பருக்கு, "வலிக்குதா?", "தண்ணி வேணுமா?" என்ற இரண்டையும் கையில் எழுதிவைத்து மனப்பாடம் செய்த நர்சுக்கு, எங்கள் குப்பைத் தொட்டியைச் சொல்லாமலே வாசலுக்கு இழுத்துவைத்த எதிர்வீட்டுக்காரருக்கு, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஒவ்வொருவரையும் பற்றித் தனியாக எழுதலாம். ஆனால் என் மனசு ஒரு துணித் துண்டையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

நாலாவது நாள் அது. அப்பா கண்ணைத் திறந்தாலும் யாரிடமும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எங்கள் தெருவிலேயே ஏழு வீடு தள்ளி இருக்கும் அம்மா வார்டுக்கு வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். என்னை எப்போதும் 'ஹென்' என்றுதான் கூப்பிடுவார். இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளைப் பிரியமாகக் கூப்பிடும் சொல், நம் 'கண்ணு' மாதிரி. அப்பா மதுரையில் நாற்பது வருஷம் சாயப்பட்டறையில் நின்றவர் என்று எப்போதோ அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்கே மறந்துபோயிருந்தது, அவருக்கு மறக்கவில்லை.

பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, அப்பாவின் கையில் வைத்தார். கைக்குட்டை அளவுதான் இருக்கும். ரத்தச் சிவப்பில் மயில்கள் அச்சிட்ட துணி.

லோமண்ட் ஏரியிலிருந்து புறப்பட்டு டம்பார்ட்டனில் கிளைடு ஆற்றில் சேரும் லீவன் ஆறு எங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. அதன் மென்மையான தண்ணீரை நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் 1715 முதலே வெளுப்புத் துறைகள் வந்தன. பிறகு 'டர்க்கி ரெட்' என்ற சிவப்புச் சாயம் வந்தது. துணிக்கு எண்ணெய் ஏற்றி, ஆட்டுச் சாணத்தில் தோய்த்து, படிகாரம் கட்டி, மஞ்சிட்டி இனத்து வேரில் காய்ச்சி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். பின்னாளில் வேரின் இடத்தை அலிசரின் என்ற ரசாயனச் சாயம் பிடித்தது. 1890களின் இறுதியில் பெரிய கம்பெனிகள் ஒன்றாகி 'யுனைடெட் டர்க்கி ரெட்' ஆனது. அதற்குப் பெரிய சந்தையே இந்தியாதான். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கப்பல் கப்பலாகப் போன துணியில் அதனால்தான் மயில். 1960களின் தொடக்கத்தில் எல்லாம் மூடியாயிற்று. அந்த அம்மாவின் தாயார் அங்கே வேலை பார்த்தவர். அவர் எடுத்துவைத்த துண்டு அது.

அப்பா துணியைப் பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். ஒட்டவில்லை.

"கெட்டிச் சாயம்," என்றார்.

நாலு நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை. நான் அழுதுவிட்டேன். அப்பா என்ன சொன்னார் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். அப்புறம் அப்பாவே, "எண்ணெய் ஏத்தினாங்களான்னு கேளு" என்றார். அவ்வளவுதான், அரைமணி நேரம் நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா தன் தாத்தா காலத்துச் சாயவேரையும் உமரிச் செடிச் சாம்பலையும் சொன்னார். அந்த அம்மா தன் தாயின் கை முழங்கைவரை சிவந்து கிடந்ததைச் சொன்னார். அப்பா தன் கையைத் தூக்கி நகக்கண்ணைக் காட்டினார்.

கடல் தாண்டி வந்த சிவப்பு நம் சாயக்காரர்களின் பிழைப்பில் கைவைத்தது என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் அதைப் பேசியிருப்பார். அன்றைக்கு அவர் இன்னொரு சாயக்காரி மகளோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவே. நானோ ஆறு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் ஆற்றங்கரையில் பழைய கட்டடம் எதையும் நின்று பார்த்ததில்லை. இனி அந்த வழியாகத்தான் அப்பாவை நடத்திக் கூட்டிப்போவேன்.

கிளம்பும்போது துணியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "இப்போது வேண்டாம், ஹென். அவரே நடந்து வந்து தரட்டும்" என்றார்.

துணி அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்றால் விடமாட்டேன் என்கிறார், பழைய மடிப்பு கலைந்துவிடுமாம். தினம் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறார். ஏழு வீடு போக வேண்டும். இன்றைக்கு நாலாவது வீட்டு வேலி வரைக்கும் போய்த் திரும்பினார்.