விடிலியில் நிற்கும் அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உங்கள் மகள் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். உங்களுக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் திசையன்விளையிலிருந்து உடன்குடி வரை, செம்மணல் தேரிக்காட்டு ஓரமெல்லாம் பங்குனி தொடங்கி ஆவணி வரை பதநீர் காய்ச்சுகிற எத்தனையோ பெண்களின் நெஞ்சிலும் இதே இரைப்பு இருக்கிறது என்பதால், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயரை எங்கும் சொல்லவில்லை.

சென்ற கோயில் கொடைக்கு வந்திருந்தபோது வீட்டிலிருந்து கோயிலுக்கு நாம் இருவரும் நடந்து போனோம். முன்பெல்லாம் இடுப்பில் பதநீர்க் குடத்தோடு நீங்கள் எங்களை முந்திக்கொண்டு போகிற தூரம் அது. அன்று மூன்று இடங்களில் நின்றீர்கள். முதலில் செருப்பு வார் நழுவுகிறது என்றீர்கள். அடுத்து, வேலிக்கு அப்பால் நின்றவரிடம் அவர் மகன் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தீர்கள். மூன்றாவதாகப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தபோது காரணம் சொல்லவும் உங்களுக்கு மூச்சில்லை. உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே, 'நீ போ, வாரேன்' என்று கையால் மட்டும் காட்டினீர்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் உங்கள் கழுத்துக்குழி உள்ளே இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வீடு திரும்பியதும் கேட்டதற்கு, "ஏட்டி, வயசானா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று முடித்துவிட்டீர்கள். உங்களுக்கு ஐம்பத்தாறு வயது, அத்தை. மூச்சு வாங்குவதற்கு அது வயதே இல்லை.

இரண்டு ஆண்டுகளாக மருத்துவம் பார்க்காமலும் இல்லை. டவுனில் நீங்கள் வழக்கமாகப் போகிற இடத்தில் சளியைச் சோதித்து, காசநோய் இல்லை என்று சொன்னார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, அதிலும் ஒன்றுமில்லை என்றார்கள். ஊசியும் இருமல் டானிக்கும் தந்து அனுப்பினார்கள். வீட்டில் யாராவது பீடி குடிப்பதுண்டா என்று கேட்டார்களாம். நீங்கள் என்ன விறகு எரிக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் அடுப்பின் முன்னால் நிற்கிறீர்கள் என்று அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் உங்களுடைய இரைப்புக்கு அன்றைக்கே ஒரு பெயர் கிடைத்திருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் அடங்கவில்லை. மாமா பீடி குடிக்கிறவர் என்பதால், நெஞ்சு கெட்டால் அவருக்குத்தான் கெடும் என்றே நாம் எல்லாரும் இருந்துவிட்டோம். அவர் பனை உச்சியில் காற்றோடு நிற்கிறார். ஓலைக் கூரைக்குக் கீழே புகைக்குள் நிற்பவர் நீங்கள்.

சிறு வயதில், பதநீர் காய்ச்சுகிற அந்த ஓலைக் குடிசைக்குள், நம் விடிலிக்குள், நான் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். மாமா இறக்கிய பதநீரைத் தாச்சி என்கிற அகன்ற சட்டியில் ஊற்றி, கருக்குமட்டை, சில்லாட்டை, காய்ந்த ஓலை, உடைமுள் என்று கைக்குக் கிடைப்பதையெல்லாம் அடுப்புக்குள் தள்ளி, ஊதாங்குழலை வாயில் வைத்து நீங்கள் குனிவீர்கள். மழை நனைத்த மட்டையாக இருந்தால் தீ பிடிப்பதற்குள் கூரை முழுவதும் வெள்ளைப் புகை இறங்கிவிடும்; நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன், நீங்கள் ஓட முடியாது. பதநீர் பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அதை அடக்க வேண்டும். பாகாக, கூப்பனியாக இறுகும்போது அடிபிடிக்காமல் கிண்ட வேண்டும். பதம் பார்த்து இறக்கிச் சிரட்டையில் ஊற்றுகிற வரையில் அடுப்பை விட்டு ஓர் அடி நகர முடியாது. இப்படி மூன்று நான்கு மணி நேரம், ஆண்டில் ஆறு மாதம், முப்பத்தைந்து ஆண்டுகள். போதாததற்கு, வீட்டு அடுக்களையில் சோற்றுக்கும் வெந்நீருக்கும் வேறு விறகடுப்பு. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தேன். அதைக் காய்ச்சுகிறவர்களின் நெஞ்சைப் பற்றி அப்போது யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

விறகு முழுதாக எரிவதில்லை, அத்தை. எரியாமல் மிஞ்சுவதுதான் புகையாக வருகிறது. அதில் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், அதாவது தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லாதவை, நுரையீரலின் கடைக்கோடியில் இருக்கிற காற்றுப்பைகள் வரை போய்விடுகின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நெருக்கமாக நிற்கும் நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டிருப்பவை. நாள்தோறும் புகை பட்டால் அவை செயலிழக்கின்றன. சளி சுரப்பது கூடுகிறது, அதைத் தள்ளுவதற்கு ஆளில்லை. அதனால்தான் விடியற்காலையில் உங்களுக்கு அந்தத் தொடர் இருமல். ஆண்டுக்கணக்காக ஆறாத புண்ணைப் போல உள்ளே அழற்சி இருந்துகொண்டே இருந்து, சிறு குழாய்களின் சுவர் தடித்து, தழும்பேறி, வழி சுருங்கிவிடுகிறது. பீடியால் கெடுகிற நுரையீரலில் காற்றுப்பைகள் அழிவது அதிகம் என்றும், விறகுப் புகையால் கெடுவதில் இப்படிக் குழாய்கள் தழும்பேறுவது அதிகம் என்றும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றே: நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆங்கில எழுத்துகளில் சிஓபிடி. சட்டியின் அடிக்கரியை நீங்கள் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்துவிடுவீர்கள்; உள்ளே படிந்ததை அப்படி எடுக்க வழியில்லை.

அடுப்புப் புகையை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க ஆய்வாளர். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கிற பெண்கள் சுவாசிக்கும் காற்றையே பிடித்து அளந்தவர் அவர். ஒரு நாளின் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்துகள் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. விறகடுப்பு எரியும் நேரத்தில் மூடிய அடுக்களையில் அது நூற்றுக்கணக்கில் போகும், ஆயிரத்தையும் தாண்டும். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. நம் தமிழ்நாட்டிலேயே 45 கிராமங்களில், புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்றுக் கூடுதலாக இந்த நோய் இருந்தது. நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் சமையலுக்காக அடுக்களையில் இருப்பவர்களிடம் அது ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. விடிலியில் நிற்கும் நேரத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை ஊதும் சோதனை, ஸ்பைரோமெட்ரி என்பார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் முழு வேகத்தோடு வெளியே ஊதி, ஆறு நொடியாவது விடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். ஊதாங்குழல் பிடித்த உங்களுக்கு அது கடினமாக இருக்காது. நல்ல நுரையீரல் என்றால், ஊதுகிற மொத்தக் காற்றில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் முதல் நொடியிலேயே வந்துவிடும். குழாயைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் எழுபதுக்குக் கீழே நின்றால் அடைப்பு நிலையானது என்று தெரிந்துகொள்ளலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போதே இந்தச் சோதனை நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்ஹேலர் தருவார்கள். அதை இழுத்தால் பழகிவிடும், பிறகு விடமுடியாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அது சரியில்லை. மாத்திரையாக விழுங்கினால் உடம்பெல்லாம் சுற்றுகிற மருந்து, இதில் மிகச் சிறிய அளவில் நேராகக் குழாய்க்கே போகிறது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அழிந்த பகுதியை அது மீட்டுத் தராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் புகை குறைந்தே ஆக வேண்டும்.

வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. துணி போட்டு மூடி, விருந்தாள் வந்தால் காப்பி போட மட்டும் எடுக்கிறீர்கள். சிலிண்டர் விலை எனக்குத் தெரியாததில்லை. மண்சட்டியில் விறகில் வைத்த மீன்குழம்பின் ருசியும் தெரியும். இருந்தாலும் சோறும் வெந்நீரும் இனி விறகில் வேண்டாம். சிலிண்டர் பணம் மாதாமாதம் என்னிடமிருந்து வரும். அதைப் பற்றி மாமாவிடம் பேசிவிட்டேன்.

விடிலிதான் சிக்கல். அத்தனை பதநீரையும் கேஸில் காய்ச்சினால் கட்டுப்படியாகாது. ஆகவே கூரையைப் பிரித்து உயர்த்தி, அடுப்புக்கு மேலே புகைபோக்கி வைத்து, காற்று வருகிற பக்கத் தட்டியை எடுத்துவிட வேண்டும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று கிண்டுங்கள். மட்டையை ஒரு மாதமாவது வெயிலில் காயப்போட்ட பிறகு எரியுங்கள். தீ மூட்டுவதற்குப் பாலித்தீன் பையைச் செருகுகிற வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அந்தப் புகை விறகுப் புகையைவிடக் கொடியது. முந்தானையால் மூக்கை மூடுவது கண்ணுக்குத் தெரிகிற கரியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது.

தொட்டிலை விடிலியின் குறுக்குக் கம்பில் கட்டியிருந்ததையும் பார்த்தேன். புகை சூட்டோடு மேலே ஏறிக் கூரையடியில்தான் முதலில் தங்கும். பேரன் தூங்குவது அந்த உயரத்தில். இந்த விஷயத்தில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புகையில் வளரும் குழந்தைகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2018இல் தொடங்கி நான்கு நாடுகளில், நம் விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்துக் கர்ப்பிணிகளும் சேர்ந்த பெரிய சோதனை ஒன்றில், ஒன்றரை ஆண்டு இலவசமாகக் கேஸ் கொடுத்ததில் தாய்மார் சுவாசித்த புகை மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையிலும் நிமோனியாவிலும் எதிர்பார்த்த மாற்றம் தெரியவில்லை. இதைக் காட்டிப் புகையால் தீங்கில்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஒன்றரை ஆண்டு கேஸ் கொடுத்துப் பார்த்தது அந்தச் சோதனை; உங்களுடைய நெஞ்சு முப்பத்தைந்து ஆண்டுப் புகையை அனுபவித்துக்கொண்டிருக்கிறது. தொட்டில் இன்றைக்கே வேப்பமரத்துக்கு மாறட்டும்.

வருகிற திங்கட்கிழமை இரவு நான் ஊருக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை முதல் பேருந்தில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய், நெஞ்சு நோய்ப் பிரிவில் காட்டுவோம். காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இரண்டு இட்லி போதும். பழைய எக்ஸ்ரேயையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். பதம் மாமாவுக்குத் தெரியாது, தாச்சி தீய்ந்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரிந்துதான், அன்றைய பதநீரைக் காய்ச்சாமல் அப்படியே விற்றுவிடும்படி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்