கட்டுமரம் வேறு, கேட்டமரன் வேறு

ஆசிரியருக்கு வணக்கம். இரண்டு படகை ஒன்றாகச் சேர்த்தது போன்ற சொகுசுப் படகு பற்றிய உங்கள் செய்தியில் அதை ‘கேட்டமரன்’ என்று போட்டிருந்தீர்கள். காசிமேட்டில் டீக்கடை வரைக்கும் அது வாக்குவாதமாகிவிட்டது. நம்ம கட்டுமரத்தைத்தானே வெள்ளைக்காரன் அப்படிச் சொன்னான், தமிழ்ப் பத்திரிகை கட்டுமரம் என்றே எழுதினால் என்ன என்று பலருக்கும் கோபம். சொல் நம்முடையதுதான். ஆனால் பொருள் எப்போதோ கைமாறிவிட்டது என்பது என் கட்சி.

டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியான தன் பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறார்: ஓரிரு மரத்துண்டுதான், ஏறுகிறவனின் கால் எந்நேரமும் தண்ணீரில். அன்று மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்க, நம் ஆட்கள் கடிதங்களைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு அலையைத் தாண்டிப் போய்க் கொடுத்தார்கள், அதனால் வந்துபோன மாலுமிகள் வாயிலெல்லாம் இந்தச் சொல் ஏறிவிட்டது. அப்புறம்தான் கூத்து. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் வந்த கொச்சைச் சொல் அகராதியில் கேட்டமரன் என்றால் எலும்பும் தோலுமான கிழவி! பிறகு சண்டைக்காரி என்றும் ஆனது (சொல்லின் தலையில் ‘கேட்’ என்ற ஆங்கிலப் பூனை உட்கார்ந்திருப்பதால் இருக்கலாம் என்று ஓர் ஊகம்). 1804-இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க பிரான்சின் பூலோன் துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் இதே பெயர்தான். ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரின் யோசனை அது, பெரிதாக ஒன்றும் தகரவில்லை.

1876-இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் கட்டிய இரட்டைப் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளை முந்தியது, தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள். இன்று உலகம் கேட்டமரன் என்று சொல்வது அந்த வகையைத்தான். இரண்டு படகைச் சேர்த்துக் கடலோடும் வித்தை பசிபிக் தீவுக்காரர்களிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நம் கட்டுமரத்தில் படகின் வயிறே கிடையாது. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், ஏறுகிற தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடலாம்.

ஆகவே அந்தச் சொகுசுப் படகை இரட்டைப் படகு என்று எழுதுங்கள், போதும். இன்னொன்று, எங்கள் பக்கத்து ஃபைபர் படகைப் படம் எடுத்துவிட்டுக் கீழே ‘கட்டுமரம்’ என்று போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

– ஒரு வாசகர், காசிமேடு