ஜூரிக்குப் போனால் வாடகை யார் கட்டுவது?

ஆசிரியருக்கு,

போன மாதம் ஜூரி சேவைக்கு, அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, வரச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. பத்து வேலை நாள். நான் லண்டனில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்பவள். போவதில் எனக்கு விருப்பம்தான், கொஞ்சம் பெருமையும்கூட. ஆனால் வீட்டுக்காரருக்கு என் பெருமையைக் கொடுத்து வாடகையை அடைக்க முடியாதே!

இங்கிலாந்தில் முதலாளி ஜூரிக்கு லீவு கொடுத்தே ஆகவேண்டும். சம்பளம் கொடுக்கக் கட்டாயமில்லை. அதற்கு ஈடாக நீதிமன்றம் தருவது, முதல் பத்து நாளும் நாளொன்றுக்கு அதிகபட்சம் 64.95 பவுண். நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டால் அதில் பாதி. 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண் ஆனது. எட்டு மணி நேரத்துக்கு 97.68. வரி பிடிப்பதற்கு முந்திய கணக்குத்தான், சரி. ஆனாலும் இடிக்கிறது.

இதில் வேடிக்கை, பதினோராம் நாளிலிருந்து உச்சவரம்பு 129.91 பவுண் ஆகிவிடுகிறது. பெரும்பாலானோர் இரண்டு வாரத்தில் வீடு திரும்பிவிடுவார்கள், அந்தத் தொகையைக் கண்ணாலும் காணமாட்டார்கள்.

தக்க காரணம் சொன்னால் 12 மாதத்துக்குள் வேறு தேதிக்கு ஒருமுறை தள்ளிவைக்கலாம். நானும் தள்ளிவைத்திருக்கிறேன். அதுவரை சேமிக்கலாம் என்றுதான். முதல் நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் கொடுத்தால் என்ன என்று நம் தொகுதி எம்.பி.க்கும் எழுதியிருக்கிறேன்.

வாசகி,
ஹாரோ, லண்டன்