அப்பச்சிக்கு ஒரு வேலை

காரைக்குடி

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். மறதி நோய் வந்த அப்பச்சியை முதியோர் இல்லத்தில் சேர்த்ததற்காக மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு கிளம்புகிறவரை ஒற்றை ஆளாக எத்தனை நாள் காவல் காப்பாய்? ஆனால் பகல் முழுக்க டிவி முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வாராவாரம் போகிற இல்லத்தில் ஓர் ஆச்சி இருக்கிறார். பெற்ற மகளையே "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். ஒருநாள் சாயம் போட்ட பனையோலையை நனைத்து அவர் மடியில் வைத்தோம். கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். அகலம் சரியில்லாத ஓலையைத் தள்ளி வைத்தார். அப்புறம் கொட்டான் கூடைக்கு அடி முடைய ஆரம்பித்துவிட்டார். நடுவே எனக்கு ஓர் அதட்டல் வேறு: "இறுக்கிப் பிடி!" அல்சைமர் என்கிற மறதி நோயில் புது நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி ஆரம்பத்திலேயே பழுதாகிவிடுகிறது. கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடங்கள். அதனால் அது நெடுநாள் தங்குகிறது.

அப்பச்சி பினாங்குக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்கப்பிள்ளை வரைக்கும் வந்தவர். அவரிடம் போய்ப் பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிற புத்தகத்தைக் கொடுத்தால் தூக்கி எறியாமல் என்ன செய்வார்? நீள நோட்டும் பேனாவும் கொடுக்கச் சொல். சில்லறையை வகைபிரித்து அடுக்கட்டும். இல்லத்துக்கு வரும் தேங்காயை எண்ணிக் குறிக்கட்டும். கூட்டல் தப்பினாலும் திருத்த வேண்டாம். சாயங்காலமானால் "கடை கட்டணும்" என்று பரபரக்கிறார் என்றாயே, இந்த நோயில் அந்திநேரத் தவிப்பு பலருக்கும் வருவதுதான். அந்த நேரம் பார்த்து நோட்டை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள்.

பணிப்பெண்ணிடம் இன்னொன்றும் சொல். வாயால் விளக்காமல் செய்து காட்ட வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு படிதான். மாண்டிசோரி அம்மையார் குழந்தைகளுக்கு வகுத்த முறையை 1990களில் கேமரூன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் மறதி நோய்க்காரர்களுக்கு ஏற்ப மாற்றியது இப்படித்தான். முறை அங்கிருந்து வந்தாலும், கையில் கொடுக்கிற பொருள் பெரியவர்களுடையதாக இருக்க வேண்டும். "நான் யார், சொல்லுங்க பார்ப்போம்" என்று யாரும் அவரைச் சோதிக்கவே கூடாது.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருவாய்தானே? வளவு வீட்டில் பழைய கணக்குப் பேரேடு ஏதாவது கிடந்தால் அவருக்கு எடுத்துப் போ. நானும் தேட வருகிறேன்.

அன்புடன்,
உமையாள்